பிராந்தி பாட்டிலில் வந்த மருந்து

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். பால்காரர் என் கண்ணெதிரே கறந்து ஊற்றினாலும் விரலை விட்டுத் தேய்த்துப் பார்ப்பேன். மீன்காரி செவுளைத் தூக்கிக் காட்டினால், அந்தச் சிவப்பு மீனுடையதா, அவள் பூசியதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவேன். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவளிடம் இதைக் குறை சொல்ல முடியாது. கப்பலிலிருந்து இறங்குகிற சரக்கு எங்கள் தெருவைத் தாண்டுவதற்குள் அதில் ஒரு கை குறைந்திருக்கும், இல்லை ஒரு கை கூடியிருக்கும். அப்படிப்பட்ட என்னிடம்தான் வலிப்பு வருகிற ஒரு பெண் குழந்தையைக் கொடுத்து, பேர் தெரியாத மருந்தை நம்பு என்று சொன்னார் கடவுள்.

முதல் வலிப்பு அவளுக்குத் தூளியில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோயிலில் பூசை முடிந்து வந்து, மீன்குழம்பும் சோறும் சாப்பிட்ட பிறகு, என் வீட்டுக்காரர் அவளைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. உத்தரத்தைத் தொடுகிற மாதிரி ஆட்டுவார், அவள் உள்ளே கெக்கெக்கே என்று சிரிப்பாள். அன்றைக்குச் சிரிப்பு நின்றது. தூங்கிவிட்டாள் என்று நினைத்து இன்னும் கொஞ்ச நேரம் ஆட்டினார். தூளித்துணிக்கு வெளியே தொங்கிய கால் வெட்டி இழுப்பதை நான்தான் முதலில் பார்த்தேன். வாயெல்லாம் நுரை. கண் மேலே செருகிவிட்டது.

குழந்தை தெளிந்து அழுத பிறகு அவர் தூளியை அவிழ்த்தார். உத்தரத்துக் கொக்கியைக் கழற்றினார். அதைக் கொண்டுபோய்க் காசிமேட்டில் கடலில் வீசிவிட்டு வந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் அவர் சொல்கிற ஆள் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எதுவும் ஆடக்கூடாது. கிலுகிலுப்பை எதிர்வீட்டுக்குப் போனது. திருவிழாவில் ராட்டினம் இருக்கும் பக்கமே அவளைத் தூக்கிப் போகமாட்டார். வீட்டுக்குப் பின்னால் துறைமுகத்துக்குப் போகிற கூட்ஸ் வண்டித் தடம். வண்டி போனால் பாத்திரமெல்லாம் பேசும். அதற்காகப் பழைய லாரி டயரை அறுத்துக் கட்டிலின் நான்கு காலுக்கும் அடியில் வைத்தார். முட்டைக்கூடையைத் தூக்குகிற மாதிரிதான் மகளைத் தூக்குவார். “பொண்ணா பெத்திங்களா, பீங்கானா?” என்று நான் கேலி செய்வேன். அவர் சிரிக்கமாட்டார். சூடு கண்ட பூனை என்று நானும் விட்டுவிட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். வலிப்பு அடங்கியது. கூடவே என் மகளும் அடங்கிப்போனாள். காலையில் எழுப்பினால் உட்கார்ந்தபடியே தூங்குவாள். வாயில் எச்சில் வழியும். பேசிக்கொண்டிருந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அப்பாவைக் கூப்பிடுகிற “நைனா” மட்டும் மிச்சம். நாலு வயதுப் பிள்ளை நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? நானாகவே மாத்திரையைக் குறைத்துப் பார்த்தால் வலிப்பு திரும்பி வந்தது.

அப்போதுதான் டாக்டரம்மா புது மருந்து என்றார். தடித்த கண்ணாடி போட்ட அம்மா. எழுதிக்கொண்டே பேசுவார், நிமிர்ந்தே பார்க்கமாட்டார்.

“புது மருந்துன்னா? எங்க கொழந்த மேல போட்டுப் பாக்கப் போறீங்களா?” என்று கேட்டேன்.

அன்றைக்கு நிமிர்ந்து பார்த்தார். “உனக்குத்தாம்மா புதுசு. மருந்துக்கு வயசாயிடுச்சு. இது ஒத்துக்கிட்டா பொண்ணு முழிச்சுக்கிட்டும் இருப்பா, வலிப்பும் வராது. ஒத்துக்கலேன்னா பழைய மாத்திரைதான், இன்னும் கூட்டித் தரணும். வேற வழி என்கிட்ட இல்ல. பாட்டில் முடியிற வரைக்கும் நடுவுல நிறுத்தாதே, நிறுத்தினா வலிப்பு ஜாஸ்தியாகும்.”

ஒன்று பிள்ளை விழித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மரக்கட்டையாகக் கிடக்க வேண்டும். நடுவில் இருப்பது ஒரு பாட்டில் மருந்து. அது யார் கையிலிருந்து எப்படி வருகிறது என்று தெரியாமல் நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனால் பாட்டில் நாம்தான் கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் பெரிய ஜாடியிலிருந்து அதில் ஊற்றிக் கொடுப்பார். மருந்தின் பேர் எதுவும் இருக்காது. ஓரத்தில் பல் பல்லாகக் கத்தரித்த காகிதத்தைப் பாட்டிலின் பக்கத்தில் ஒட்டிவிடுவார், ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு நல்ல பாட்டில். அதுவும் என் கொழுந்தன் வைத்திருந்த பிராந்தி பாட்டில். மதுவிலக்கு நடந்த காலம்தான். ஆனால் கப்பல்காரர்களிடம் தோஸ்து பிடித்து வைத்திருப்பவனுக்கு என்ன விலக்கு? கரும்பழுப்பு நிறம், தடிமனான கண்ணாடி, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இருப்பதன் மட்டம் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். சோடா உப்பு போட்டு வெந்நீரில் கழுவினேன். முகர்ந்து பார்த்து மறுபடியும் கழுவினேன். வாசனை போயிற்று என்று சத்தியம் செய்ய அப்போதும் மனசு வரவில்லை.

மருந்து ஜன்னலில் வீட்டுக்காரர்தான் வரிசையில் நின்று வாங்கினார். நான் குழந்தையோடு மரத்தடியில் இருந்தேன். கம்பவுண்டர் ஏதோ சொல்வதும் இவர் தலையாட்டுவதும் தெரிந்தது. வந்து, “நீ கொழந்தைய இட்டுகினு பஸ்ல போ. நான் நடந்து வர்றேன்” என்றார்.

“ஏன், பஸ்ஸுக்குப் பாட்டில் ஆவாதா?”

“ஆவாது” என்றார்.

நான் வீடு வந்து, சோறு வடித்து, குழந்தைக்கு ஊட்டி முடித்த பிறகும் அவரைக் காணோம். வழியில் யாரோடாவது உட்கார்ந்துவிட்டாரா, பாட்டிலைக் கண்டு யாராவது பிராந்தி என்று பிடுங்கிக்கொண்டார்களா என்று ஆயிரம் நினைத்தேன். வெயிலில் சட்டை நனைந்து, பாட்டிலை மாரோடு நிமிர்த்திப் பிடித்தபடி வந்து சேர்ந்தார். மாதா படத்துக்குக் கீழே இருந்த பலகையில் அதை வைத்தார். “இத்த யாரும் தொடக்கூடாது. நான் ஊத்திக் குடுக்கறேன், நீ போட்டு வுடு” என்றார். காலையிலும் சாயங்காலமும் அவரே எடுத்து, மெதுவாகச் சாய்த்து, காகிதத்தின் பல்லைப் பார்த்துச் சங்கில் ஊற்றுவார். ஷிப்டுக்கு முன்னால் போக வேண்டியிருந்தால் சங்கை மூடி வைத்துவிட்டுப் போவார். நான் குழந்தையின் வாயில் புகட்டுவேன். ரோஸ் கலந்த தண்ணீர் மாதிரி, ஆரஞ்சு மிட்டாய் வாசனையோடு இருக்கும்.

பழைய மாத்திரையை டாக்டரம்மா சொன்னபடி குறைத்து நிறுத்தினோம். குழந்தை விழித்தாள். சுவரை விட்டு எங்களைப் பார்த்தாள். “அம்மா” திரும்பி வந்தது. “காக்கா” வந்தது. கொழுந்தனைக் கூப்பிட அவளாக வைத்த பேரும் வந்தது. வலிப்பும் வந்தது.

முதலில் ஒரு காலையில், பிறகு விட்டுவிட்டு. எதிர்வீட்டுக்காரி ஒவ்வொரு முறையும் ஓடி வந்து கையில் இரும்புச் சாவியைத் திணிப்பாள். அடங்கிய பிறகு என்னிடம், “மருந்தும் விருந்தும் மூணு நாளு. இத்தினி நாளா ஊத்தறே, இன்னும் இஸ்த்துகினு தானே கீது?” என்பாள்.

எனக்குக் கம்பவுண்டர் மேல்தான் சந்தேகம். சங்கில் மிஞ்சியதை நாக்கில் வைத்துப் பார்த்தேன். சர்க்கரைத் தண்ணீர். ஒரு கசப்பு இல்லை, காட்டம் இல்லை. ஜாடியில் பாதியை வெளியில் விற்றுவிட்டு மீதியில் தண்ணீர் ஊற்றியிருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். அப்படிச் சொன்னபோது வீட்டுக்காரர், “எனக்கும் அதான் தோணுது” என்றார். என் சந்தேகத்துக்கு அவர் ஒத்து ஊதியது கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பாட்டில் குறையக் குறைய சங்கில் மருந்து கொஞ்சம் கெட்டியாக விழுந்தது, வலிப்பும் நின்றது. சரி, மருந்து வேலை செய்ய நாள் எடுத்துக்கொண்டது போலிருக்கிறது என்று மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி வைத்தேன். அது எரிந்து தீர்வதற்குள் வேறு பூதம் கிளம்பியது. குழந்தை காலை அகட்டி அகட்டி நடந்தாள். நாலு அடி வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தாள். பேச்சு குழறியது. நேரே பார்க்கச் சொன்னால் கருமணி பக்கவாட்டில் துடித்தது. சாப்பிட்டதை வாந்தி எடுத்தாள்.

எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்தாள். “இன்னாடி இது, தண்ணி போட்டவன் மாதிரியே நடக்குது?” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “ரெண்டு சொட்டு பிராந்தி வுட்டா வலிப்பு அடங்கும்னு உன் கொழுந்தன்தானே சொல்லிகினு இருந்தான்?” என்றாள்.

சொன்னான்தான். என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அவனுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைக்காத நாளெல்லாம் குழந்தை அவனோடுதான் இருக்கும். குழந்தையின் வாயை முகர்ந்து பார்த்தேன். ஆரஞ்சு மிட்டாய் வாசனை. அதற்கடியில் பிராந்தி வாசனையும் வந்தது, அல்லது வந்ததாக என் மூக்குக்குப் பட்டது. என் மூக்கு எனக்கு வேண்டியதைத்தான் எப்போதும் முகரும். உடம்பெல்லாம் எரிந்தது.

அவன் முற்றத்தில் வலை நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். “எம் புள்ளைக்கு இன்னாடா ஊத்துனே?” என்று போய் நின்றேன்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்துவிட்டது. “அண்ணி, நான் குடிகாரன். இல்லேன்னு சொல்லல. கொழந்த வாயில ஊத்துற கேப்மாரி கெடையாது.”

“அப்ப அது ஏன் இப்டி நடக்குது?”

“எனக்கு இன்னா தெரியும்? டாக்டராண்ட போலாம் வா. அவங்க மூஞ்சிக்கு முன்னால கேளு. நான் ஊத்துனேன்னு சொன்னா அங்கியே செருப்பால அடி.” எழுந்து உள்ளே போனான். “மருந்து பாட்டிலயும் எடுத்துக்கோ, அதுல இன்னா கீதுன்னு அவங்க பாக்கட்டும்” என்று பலகையை நோக்கிக் கையை நீட்டினான்.

“ஆட்டாத! அத்த ஆட்டாதடா!”

வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். வேலை முடிந்து அப்போதுதான் வந்தவர். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. ஓடி வந்து தம்பியின் கையைத் தட்டிவிட்டு, பாட்டிலைத் தானே எடுத்து மாரோடு வைத்துக்கொண்டார். பாட்டிலைத் தொடவிடாதவர் இவர். என்னை மருந்து ஊற்ற விடாதவர் இவர். பஸ்ஸில் வராமல் வெயிலில் நடந்தவர் இவர். கம்பவுண்டரையும் கொழுந்தனையும் விட்டு என் சந்தேகம் என் தாலியின் மேலேயே வந்து உட்கார்ந்தது. பாட்டிலுக்குள் இவர் என்ன வைத்திருக்கிறார்? எந்தச் சாமியாரிடம் எதை வாங்கிக் கலந்தார்?

குழந்தையோடு நான் ரிக்‌ஷாவில் ஏறினேன். கொழுந்தன் பக்கத்திலேயே ஓடி வந்தான். அவர் மட்டும் பாட்டிலை நிமிர்த்திப் பிடித்தபடி பின்னால் நடந்து வந்தார். திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கோயில் திருவிழாவில் மாதா சுரூபத்தைச் சுமப்பவர் மாதிரி, பாதத்தை நிதானமாக வைத்து வந்தார். இப்படி ஒரு மனுஷனோடா இத்தனை வருஷம் குடித்தனம் செய்தோம் என்று இருந்தது.

டாக்டரம்மா குழந்தையை நடக்கவிட்டுப் பார்த்தார். விரலை நீட்டி இப்படியும் அப்படியும் பார்க்கச் சொன்னார். எனக்குக் காத்திருக்க முடியவில்லை. “பிராந்தியாம்மா?” என்றேன்.

“பிராந்தியும் இல்ல, கிராந்தியும் இல்ல. மருந்து ஜாஸ்தியாயிருக்கு. பாட்டில் எங்கே?”

வீட்டுக்காரர் நீட்டினார். டாக்டரம்மா அதை ஜன்னல் வெயிலுக்கு நேரே பிடித்து மெதுவாகச் சாய்த்தார். மேலே இருந்த கொஞ்சம் ரோஸ் தண்ணீர் ஓடியது. அடியில் இருந்தது ஓடவில்லை. சுண்ணாம்புக் குழம்பு மாதிரி கெட்டியாக ஒட்டிக்கொண்டு நின்றது.

“யார் ஊத்திக் குடுக்கறது?”

“நான்தாம்மா” என்றார் அவர்.

“குலுக்கி ஊத்துனியா?”

அவர் பாட்டிலின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஜன்னல்ல சொல்லலையா, ஒவ்வொரு வேளையும் நல்லா குலுக்கிக் குடுன்னு?”

“சொன்னாரும்மா.” தரையைப் பார்த்தபடி பேசினார். “நாங்க ஹார்பர்ல எண்ணெய் பீப்பாய் எறக்கறவங்க. சாம்பிள் எடுக்கறப்ப பீப்பாய ஆட்டாம வுட்டு வெக்கணும். மேல நல்லது நிக்கும், கலீஜெல்லாம் அடில தங்கிடும். குலுக்கிட்டுக் காட்டறவன் திருடன். அந்தாளு குலுக்கச் சொன்னதும், தண்ணி கலந்துட்டு அத்த மறைக்கத்தான் சொல்றான்னு நெனச்சேன். மேல தெளிஞ்சதா பாத்து ஊத்துனேன்.”

“தெளிஞ்சது வெறும் சர்க்கரைத் தண்ணிப்பா! நீ கலீஜுன்னு நினைச்ச பாரு, அதுதான் மருந்து. மொதல்ல எல்லாம் புள்ளைக்குத் தண்ணிய குடுத்திருக்கே, அதான் வலிப்பு நிக்கல. இப்ப அடிமண்டியில இருந்து நாலு மடங்கு மருந்த ஊத்தியிருக்கே.” அதற்கு மேலும் திட்டினார். நியாயமாகவே திட்டினார்.

கொழுந்தன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அவனிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் குடித்ததும் பொய் இல்லையே.

ஆனால் வீட்டுக்காரர் சொன்ன பீப்பாய்க் கதை எனக்குப் போதவில்லை. சந்தேகக்காரிக்கு ஒரு வரம் உண்டு. எங்கே பொய் இருக்கிறதோ அங்கே மட்டுமில்லை, எங்கே பாதி உண்மை இருக்கிறதோ அங்கேயும் மூக்கு நிற்கும். கம்பவுண்டர் திருடன் என்றால் பஸ்ஸில் ஏன் வரவில்லை? வழியில் ஆடினாலும் வீட்டில் வைத்தால் தெளிந்துவிடுமே. தம்பி பாட்டிலைத் தொட்டதற்கு ஏன் அந்தக் கூச்சல்? அவர் வலது கையைப் பார்த்தேன். வேட்டி மடிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. தூளியை ஆட்டிய கை. ஒரே நொடியில் எல்லாம் தெரிந்துவிட்டது. கொக்கி, டயர்த் துண்டு, கிலுகிலுப்பை, எல்லாம்.

“டாக்டரம்மா,” என்றேன், “இவளுக்கு மொதல் வலிப்பு இவர் தூளியில போட்டு ஆட்டறப்ப வந்துச்சு. அன்னிலேருந்து இவர் எதயும் ஆட்டறதில்ல.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“ஆட்டினதால வரலப்பா. நீ அன்னிக்கு ஆட்டாமலே இருந்திருந்தாலும் வந்திருக்கும்.”

“சத்தியமாவாம்மா?”

“சத்தியமா.”

வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் சுமந்ததை ஒரு வார்த்தையில் இறக்கி வைக்க யாரால் முடியும்?

குழந்தையை வார்டில் வைத்திருந்து, நடை நேரான பிறகு அனுப்பினார்கள். மறுபடியும் அதே மருந்து, இந்தத் தடவை உள்ளே இருப்பது தெரிகிற வெள்ளைப் பாட்டிலில். வலிப்பு அதற்கப்புறமும் எப்போதாவது எட்டிப்பார்த்தது, பிறகு அதுவும் அரிதானது. அவள் பள்ளிக்கூடம் போனாள், படித்தாள், இன்று என்னையே அதட்டுகிறாள். ஆனால் நான் நினைத்துக்கொள்வது வீடு திரும்பிய மறுநாள் காலையைத்தான்.

அவர் பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தார். “நீ குலுக்கு” என்றார்.

“மாட்டேன். நீங்கதான் குலுக்கணும்.”

நான் குலுக்கினால் அவர் காலம் முழுக்கத் தன் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பார். சந்தேகம் எப்படித் தின்னும் என்று எனக்குத் தெரியாதா?

பாட்டிலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். குழந்தைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு மெதுவாக ஒரு தடவை சாய்த்தார். அடியில் இருந்தது அசையவில்லை. இன்னொரு தடவை கொஞ்சம் வேகமாக. அதற்குள் அவள் உள்ளேயிருந்து ஓடி வந்துவிட்டாள். “நைனா, நானு!” என்று எம்பி, பாட்டிலோடு சேர்த்து அவர் கையைப் பிடித்துத் தொங்கினாள். கை ஆட ஆட அவளும் ஆடினாள். கெக்கெக்கே என்று சிரித்தாள். நெடுநாளாக நாங்கள் கேட்காத அந்தத் தூளிச் சிரிப்பு. அவர் சட்டென்று நிறுத்தி, அவள் முகத்தையே பார்த்தார். மூச்சு விட்டாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

“நிறுத்தாத நைனா” என்றாள்.

அவர் மறுபடியும் குலுக்கினார். கண்ணில் நீர் வழிய வழிய, மருந்து நுரைத்து மேலேறும் வரைக்கும் குலுக்கினார். நான் அடுப்பில் கஞ்சி தீய்ந்துபோவது தெரிந்தும் நகராமல், அவள் கருமணி நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.